மூடப்பட்ட பெட்ரோல் பங்க் இருந்த இடத்தில் நிலத்தடி நீரைக் கண்காணித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் பங்க் ஒன்று மூடப்பட்டு, இயந்திரங்களும் கூரையும் பிரிக்கப்பட்டு, தரை மட்டமாக்கப்பட்ட பிறகும், அந்த இடத்தில் ஆங்காங்கே உள்ளங்கை அகலத்தில் வட்டமான இரும்பு மூடிகள் தரையோடு தரையாகப் பதிந்திருப்பதைச் சிலர் கவனித்திருப்பீர்கள். அவை கண்காணிப்புக் கிணறுகளின் வாய்கள். அந்த மூடிகளைத் திறந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்கிறார்கள், ஏன் இத்தனை ஆண்டுகளாகச் செய்கிறார்கள் என்று அருகில் குடியிருப்பவர்களும், நிலத்தை வாங்க நினைப்பவர்களும், இந்தப் பணிக்குப் புதிதாக வந்தவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

தொட்டிகளைத் தோண்டி எடுத்துவிட்டார்களே, இன்னும் கண்காணிக்க என்ன இருக்கிறது?

தொட்டி போய்விட்டாலும், தொட்டியிலிருந்து கசிந்தது மண்ணில் இருக்கிறது. பழைய இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து ஓட்டையாவது ஒரு வழி மட்டுமே. குழாய் இணைப்புகளிலும், எரிபொருள் போடும் இயந்திரத்துக்கு அடியிலும், லாரியிலிருந்து தொட்டிக்கு இறக்கும் வாயிலும் ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சிந்தியதும் அதே இடத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது.

கசிந்த பெட்ரோல் மண்ணின் இடுக்குகள் வழியாக நேர்கீழாக இறங்குகிறது. இறங்கும் வழியெல்லாம் மண்துகள்களுக்கிடையில் ஒரு பகுதி ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். எஞ்சியது நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானது என்பதால், அதன் மேல் மிதந்து பக்கவாட்டில் பரவுகிறது. இப்படி ஒட்டியும் மிதந்தும் கிடக்கும் எண்ணெயைத் தண்ணீர் கடந்து போகும்போதெல்லாம் அதிலுள்ள கரையக்கூடிய பொருள்கள் சிறிது சிறிதாகக் கரைந்து நீரோட்டத்தோடு செல்கின்றன. அப்படிக் கரைந்து நீண்டு செல்லும் பகுதியை இங்கே மாசுத் திரள் என்று குறிப்பிடுகிறோம்.

அளவை ஒரு கணக்கால் உணரலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் பென்சீன் 1 விழுக்காடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அது 10 மில்லிலிட்டர், அதாவது 9 கிராமுக்குச் சற்றுக் குறைவு. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் பென்சீனுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆக, அந்த ஒரே லிட்டர் பெட்ரோலில் உள்ள பென்சீன் முழுவதும் கரைந்தால், 8 லட்சம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுபோய்விடும். தொட்டிக் குழியைச் சுற்றி மண்ணில் தங்கியிருப்பது சில நூறு லிட்டர் என்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இது அரிதான சிக்கலும் அல்ல. அமெரிக்காவில் நிலத்தடித் தொட்டிகளுக்கென்று 1984-இல் சட்டத்தில் தனிப் பிரிவு சேர்க்கப்பட்ட பிறகு, அங்கு மட்டும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதிசெய்யப்பட்டுள்ளன.

தண்ணீரில் எந்தெந்தப் பொருள்களைத் தேடுகிறார்கள்?

பெட்ரோல் என்பது நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கலவை. அவை அனைத்தையும் அளப்பதில்லை. தண்ணீரில் நன்றாகக் கரைபவையும் உடலுக்குத் தீங்கானவையுமான நான்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள்: பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன். இவற்றுள் பென்சீனே முதன்மையானது. அது மனிதரில் புற்றுநோயை உண்டாக்குவது என ஐயத்துக்கு இடமின்றி வகைப்படுத்தப்பட்டது. நான்கிலும் அதிகமாகக் கரைவதும் அதுவே. இவற்றோடு நாப்தலீனையும் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் அளவையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதை அந்தப் பங்க் எந்தக் காலத்தில் இயங்கியது என்பதே முடிவுசெய்ய வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் விற்ற காலத்தில் அந்த ஈயம் வாகன எஞ்சினில் படியாமலிருக்க எத்திலீன் டைபுரோமைடு, டைகுளோரோஈத்தேன் ஆகியவற்றையும் கலந்தார்கள். எத்திலீன் டைபுரோமைடுக்கு அமெரிக்கக் குடிநீர் வரம்பு லிட்டருக்கு 0.05 மைக்ரோகிராம். பென்சீனுக்கு அதே நாட்டில் உள்ள வரம்பில் நூறில் ஒரு பங்கு அது. வழக்கமான ஆவிப்பொருள் சோதனை அவ்வளவு நுண்ணிய அளவைக் காட்டாது என்பதால், தனிச் சோதனை கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் அறிக்கையில் அந்தப் பெயரே இருக்காது. பெயர் இல்லாததைப் பொருள் இல்லாததாகப் படித்துவிடுகிறோம். உலகில் வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பது முற்றிலும் நின்றது 2021-இல்தான் என்பதால், இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது.

ஈயத்துக்குப் பிறகு வந்த எம்டிபிஇ என்ற சேர்மானம் வேறு வகைத் தொல்லை. பென்சீன் லிட்டருக்கு 1.8 கிராம் வரை தூய நீரில் கரையும் என்றால், எம்டிபிஇ லிட்டருக்கு 40 கிராமுக்கும் மேல் கரையும். மண்ணில் ஒட்டாமல், எளிதில் சிதையாமல், தண்ணீர் போகும் வேகத்திலேயே போகும். கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா நகரம் 1996-இல் தன் குடிநீர்க் கிணறுகளில் பெரும்பகுதியை மூட வேண்டி வந்தது இதனால்தான். இப்போது பல நாடுகளில் கலக்கப்படும் எத்தனால் தன்னளவில் விரைவாகச் சிதைந்துவிடும். ஆனால் நுண்ணுயிர்கள் முதலில் அதைத் தின்று நிலத்தடியிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால், பென்சீன் சிதையாமல் கூடுதல் தூரம் செல்ல வாய்ப்பு உண்டாகிறது.

எவ்வளவு இருந்தால் மீறல்?

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவுகள் லிட்டருக்கு மைக்ரோகிராமில் இவை: பென்சீன் 10, டொலுவீன் 700, எத்தில்பென்சீன் 300, சைலீன் 500. அமெரிக்கச் சட்டத்தில் பென்சீனுக்கு 5. குடிநீருக்குப் பயன்படாத நீர்த்தாங்கிகளுக்கு, அதாவது நிலத்தடி நீரைத் தாங்கி நிற்கும் மண், பாறை அடுக்குகளுக்கு, வேறு இலக்குகள் வைப்பதும் உண்டு. எனவே உங்கள் பகுதியின் ஒழுங்குமுறை அமைப்பு அந்த இடத்துக்கென்று எந்த எண்ணை இலக்காக நிர்ணயித்துள்ளது என்பதை அறிக்கையிலேயே தேடிப் பாருங்கள்.

மூக்கை நம்ப வேண்டாம். குடிநீர் வரம்பைப் போல் பல மடங்கு பென்சீன் இருந்தாலும் தண்ணீரில் வாடை தெரியாது. "வாடை இல்லை, அதனால் குடிக்கிறோம்" என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது ஏற்படும் கவலைதான் இந்தப் பக்கத்தை எழுதுவதற்கு முக்கியக் காரணம்.

எத்தனை கிணறுகள், எந்த இடத்தில் போட வேண்டும்?

நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது தெரியாமல் கிணறு போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதற்குச் சமம். திசையை அறியக் குறைந்தது மூன்று கிணறுகள், அதுவும் ஒரே கோட்டில் இல்லாமல் முக்கோணமாக, வேண்டும். ஒவ்வொன்றின் வாய் உயரத்தையும் அளவையாளர் மில்லிமீட்டர் துல்லியத்தில் குறித்துக்கொண்ட பிறகு, அதிலிருந்து நீர்மட்டத்தின் ஆழத்தைக் கழித்தால் மூன்று புள்ளிகளில் நீரின் உயரம் கிடைக்கும். அதிலிருந்து சரிவும் திசையும் தெரியும். தரை சாய்ந்திருக்கும் பக்கமே நிலத்தடி நீரும் போகும் என்ற ஊகம் பல இடங்களில் சரி, சில இடங்களில் முற்றிலும் தவறு. பக்கத்தில் யாராவது பெரிய மோட்டார் வைத்து இறைத்தாலே திசை திரும்பிவிடும்.

திசை தெரிந்ததும், மாசு வருவதற்கு முன்னுள்ள நீரின் நிலையைக் காட்ட நீரோட்டம் வரும் மேல்பக்கம் ஒன்று, தொட்டி, குழாய், இயந்திரம் இருந்த மூலப் பகுதியில் ஒன்றோ இரண்டோ, நீரோட்டம் போகும் கீழ்பக்கம் மாசுத் திரளின் நடுக்கோட்டில் சில, பக்கவாட்டு எல்லையைக் காட்டச் சில என்று அமைகின்றன. எல்லாவற்றுக்கும் அப்பால், மாசுக்கும் யாரோ ஒருவருடைய குடிநீர்க் கிணற்றுக்கும் இடையில் ஒரு காவல் கிணறு நிற்க வேண்டும். அதில் எதுவும் தென்படாமலிருப்பதற்காகவே அது போடப்படுகிறது. பல ஆண்டுகள் எதுவும் வரவில்லை என்பதற்காகச் செலவைக் குறைக்க முதலில் வெட்டப்படுவதும் அதுவே. அது தவறான சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து.

கிணற்றின் கட்டுமானமும் முக்கியம். பெரும்பாலும் 50 மில்லிமீட்டர் பிவிசி கேசிங் குழாய்; அதன் கீழ்ப்பகுதி மெல்லிய கீறல்கள் போட்ட குழாய்; அதைச் சுற்றிச் சலித்த மணல்; அதற்கு மேல் பென்டோனைட் களிமண் அடைப்பு; அதற்கும் மேல் சிமென்ட் குழம்பு. பெட்ரோல் மிதக்கும் பொருள் என்பதால், கீறல் குழாய் நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து கொஞ்சம் கீழ்வரை இருக்க வேண்டும், மழைக்கால உச்சமும் கோடைத் தாழ்வும் அதற்குள் அடங்க வேண்டும். நீர்மட்டம் கீறலுக்கு மேலே ஏறிவிட்டால் மிதக்கும் எண்ணெய் கிணற்றுக்குள் நுழையவே வழியில்லை.

பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றில் ஒரு பாட்டில் பிடித்துச் சோதித்தால் போதாதா என்று கேட்பவர்கள் இங்கே விடையைக் காணலாம். அந்த வீட்டினரின் பாதுகாப்புக்கு அந்தச் சோதனை கட்டாயம் தேவை. ஆனால் ஆழத்திலிருந்து பல அடுக்குகளின் நீரைக் கலந்து இழுக்கும் கிணறு, மேலே மெல்லிய அடுக்கில் ஓடும் மாசை நீர்த்துக் காட்டும். எனவே அது கண்காணிப்புக் கிணற்றுக்கு மாற்று ஆகாது.

மாசு எவ்வளவு வேகமாக நகரும்?

மண்ணின் நீர்க்கடத்து திறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கி, நீர் ஓடக்கூடிய இடுக்குகளின் விகிதத்தால் வகுத்தால் நீரின் வேகம் கிடைக்கும். நாளுக்கு 10 மீட்டர் கடத்து திறன் கொண்ட மணல், ஆயிரம் மீட்டருக்கு 5 மீட்டர் சரிவு, 25 விழுக்காடு இடுக்கு என்று கொண்டால், நாளுக்கு 20 சென்டிமீட்டர், ஆண்டுக்கு 73 மீட்டர். களிமண் என்றால் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்கூட இருக்கலாம். பென்சீன் மண்ணில் ஓரளவு ஒட்டி ஒட்டிப் போவதால் நீரைவிடச் சற்று மெதுவாகவே செல்லும். வழியில் சிதைந்தும் குறையும். அதனால் பெரும்பாலான பென்சீன் திரள்கள் மூலத்திலிருந்து நூறு மீட்டருக்குள் நின்றுவிடுகின்றன. பாறை வெடிப்புகள், புதைந்துபோன ஆற்று மணல், கழிவுநீர்க் குழாயைச் சுற்றி நிரப்பிய சரளை ஆகியவை இந்தக் கணக்கை மீறுபவை. பழைய குழாய்ப் பள்ளங்களின் வரைபடத்தை முதலிலேயே தேடி எடுப்பது பல மாத வீண் உழைப்பைத் தவிர்க்கும்.

மாதிரி எடுக்கும் நாளில் என்ன நடக்கிறது?

முதலில் எல்லாக் கிணறுகளின் மூடியையும் திறந்து, நீர்மட்டம் காற்றழுத்தத்தோடு சமனாகும் வரை சிறிது நேரம் விடுகிறார்கள். பிறகு எண்ணெய்க்கும் தண்ணீருக்குமான எல்லையைக் காட்டும் அளவுநாடாவை மெதுவாக இறக்குகிறார்கள். பெரும்பாலான கருவிகளில் முனை எண்ணெயைத் தொட்டால் விடாத ஒலி. தண்ணீரைத் தொட்டால் விட்டு விட்டு ஒலி. அந்த விடாத ஒலி கேட்கும் கிணற்றில் கரைந்த மாசுக்கான மாதிரியை வழக்கமாக எடுப்பதில்லை. மிதக்கும் எண்ணெயின் தடிமனை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். எல்லா மட்டங்களையும் ஒரே நாளில், கூடியவரை சில மணி நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும்.

அடுத்து, தூய்மையான கிணற்றில் தொடங்கி மாசு மிகுந்ததில் முடிக்கும் வரிசையில் இறைப்பு நடக்கிறது. நிமிடத்துக்கு 100 முதல் 500 மில்லிலிட்டர் என்ற மெதுவான ஓட்டத்தில் இறைத்து, அமில கார அளவு, மின்கடத்து திறன், கரைந்த ஆக்சிஜன், கலங்கல் ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதிக்கொண்டே வருவார்கள். அடுத்தடுத்த மூன்று அளவீடுகள் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால், குழாயில் தேங்கிக் கிடந்த நீர் போய் நீர்த்தாங்கியின் நீர் வருகிறது என்று பொருள். வாளியில் மொண்டு ஊற்றுவது போல் வேகமாக இறைத்தால் பென்சீன் காற்றில் ஆவியாகிப்போய், உள்ளதைவிடக் குறைவாக எண் வரும்.

மாதிரிப் புட்டி 40 மில்லிலிட்டர் கண்ணாடிக் குப்பி. நுண்ணுயிர்கள் சிதைப்பதைத் தடுக்க அதில் முன்கூட்டியே சில துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும். தண்ணீரைக் குப்பியின் சுவர் வழியாக அலுங்காமல் வழியவிட்டு, விளிம்புக்கு மேலே நீர் குமிழாக எழும்பி நிற்கும்வரை நிரப்பி, மூடியைத் திருகி, தலைகீழாகக் கவிழ்த்து விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக்குமிழி ஓடினாலும் அந்தக் குப்பியை ஒதுக்கிவிட்டுப் புதியதை எடுக்க வேண்டும். ஏனென்றால் பென்சீன் அந்தக் குமிழிக்குள் குடியேறிவிடும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில் அமிலம் பட்டதும் நுரைத்துக் குமிழி வந்துகொண்டே இருக்கும். அப்போது அமிலமில்லாத குப்பியைப் பயன்படுத்தி, 14 நாளுக்குப் பதிலாக 7 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். குப்பிகள் பனிக்கட்டியில் 4 டிகிரி செல்சியஸ் அளவில், கைமாறும் ஒவ்வொருவரும் நேரமிட்டுக் கையொப்பமிடும் தாளோடு ஆய்வகத்துக்குச் செல்கின்றன.

அவற்றோடு ஆய்வகத்திலிருந்து வந்து திறக்கப்படாமலே திரும்பும் ஒரு தூய நீர்க் குப்பியும், அதாவது வெற்று மாதிரியும், போகும். அதில் டொலுவீன் தென்பட்டால் மாசு கிணற்றிலிருந்து அல்ல, பயணத்தில் வந்தது. காலையில் தன் வண்டிக்குப் பெட்ரோல் போட்ட கையோடு வந்து கையுறையை எடுப்பவரும், காற்று வீசும் பக்கம் ஜெனரேட்டரை ஓடவிடுபவரும் ஒரு நாள் உழைப்பை முழுவதும் வீணாக்க முடியும். நானும் முதல் ஆண்டில் அப்படி ஒரு முறை ஜெனரேட்டரைத் தவறான பக்கம் வைத்து, ஒரு சுற்று மாதிரிகள் அனைத்தையும் மீண்டும் எடுக்க நேர்ந்தது.

பென்சீன் அளவுதானே முக்கியம்? ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தை ஏன் அளக்கிறார்கள்?

நீர்மட்டம் பக்கத்தில் எழுதப்படாத பென்சீன் எண் பாதி எண்தான். அறிக்கைகளில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது இந்த இடம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீர்மட்டம் ஆண்டுதோறும் ஏறி இறங்குகிறது. மிதக்கும் எண்ணெயும் அதோடு ஏறி இறங்கி, உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடைப்பட்ட மண் முழுவதிலும் பூசிக்கொள்கிறது. மட்டம் உயரும்போது எண்ணெயின் ஒரு பகுதி தண்ணீருக்கு அடியில் இடுக்குகளில் சிக்கி அசையாமல் நின்றுவிடும். கிணற்றில் மிதந்த எண்ணெய் மெலிந்துபோகும், சில சமயம் முற்றிலும் மறைந்துபோகும். அதைப் பார்த்து எண்ணெய் தீர்ந்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். வறட்சி வந்து மட்டம் தாழ்ந்ததும், சிக்கியிருந்தது விடுபட்டு வடிந்து அதே கிணற்றில் மீண்டும் மிதக்கிறது. புதிதாக எதுவும் கசியவில்லை. பழையது வெளியே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கரைந்த மாசு சில இடங்களில் இதற்கு நேர்மாறாக நடக்கும். மட்டம் உயர்ந்து, அதுவரை வறண்டிருந்த எண்ணெய் படிந்த மண்ணைத் தண்ணீர் தொடும்போது பென்சீன் திடீரென்று கூடும். வேறு சில இடங்களில் மழைநீர் கலந்து நீர்த்துக் குறையும். எந்த இடம் எந்த வகை என்பது இரண்டு வரைகோடுகளையும், அதாவது மட்டத்தையும் செறிவையும், ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து சில ஆண்டுகள் பார்த்தால்தான் பிடிபடும். ஆகவே மழைக்காலத்தில் எடுத்த ஒரு மாதிரியைக் கோடையில் எடுத்ததோடு ஒப்பிட்டு "முன்னேற்றம்" என்று எழுதுவது நேர்மையான ஒப்பீடு அல்ல.

இன்னொரு நுட்பம்: கிணற்றில் எண்ணெய் மிதந்தால் அதன் எடை தண்ணீரைக் கீழே அழுத்தும். 30 சென்டிமீட்டர் எண்ணெய் இருந்தால், பெட்ரோலின் அடர்த்தி ஏறத்தாழ 0.74 என்பதால், அளந்த நீர்மட்டத்தோடு 22 சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். சரிவே சில சென்டிமீட்டர் மட்டும் உள்ள சமதளத்தில் இந்தத் திருத்தத்தை மறந்தால் வரைபடத்தில் நீரோட்டம் எதிர்த்திசையில் ஓடும். கிணற்றில் தெரியும் எண்ணெயின் தடிமன் சுற்றியுள்ள மண்ணில் இருப்பதைவிட வழக்கமாக அதிகமாகவே இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை ஆண்டுகள்?

தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஒரு முழு ஆண்டின் எல்லாப் பருவங்களும் பதிவான பிறகு, போக்கு நிலையாக இருந்தால் ஆறு மாதம், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை என்று குறைக்கலாம். மொத்த ஆண்டுகள் இத்தனை என்று முன்கூட்டிச் சொல்பவரை நம்ப வேண்டாம். மூல மண் முழுவதும் அகற்றப்பட்ட இடம் சில ஆண்டுகளில் முடியும். எண்ணெய் தங்கிய களிமண் உள்ள இடம் பத்தாண்டுகளைத் தாண்டும்.

"கண்டறியப்படவில்லை" என்று வந்துவிட்டது. முடிந்ததா?

முதலில் எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்று பாருங்கள். மாதிரியில் வேறு பொருள்கள் மிகுதியாக இருந்தால் ஆய்வகம் அதை நீர்த்துச் சோதிக்கும். பத்து மடங்கு நீர்த்தால் கண்டறியும் எல்லையும் பத்து மடங்கு உயர்ந்துவிடும். எல்லை 50 மைக்ரோகிராமாக இருக்கும் தாளில் பென்சீன் கண்டறியப்படவில்லை என்றால், அது 40 ஆக இருந்து வரம்பை மீறியிருக்கவும் இடமுண்டு.

அடுத்து, ஒரு முறை வந்தது போக்கு ஆகாது. தொடர் அளவீடுகளில் ஏற்றமா இறக்கமா என்று அறியப் பரவலாகப் பயன்படும் மான்-கெண்டால் சோதனைக்குக் குறைந்தது நான்கு அளவீடுகள் வேண்டும். நான்கும் வரிசையாகக் குறைந்திருந்தாலும், அது வெறும் தற்செயலாக நிகழ்ந்திருக்க 24-இல் ஒரு வாய்ப்பு உண்டு. எட்டு அளவீடுகள், அதாவது இரண்டு முழு ஆண்டுகள் இருந்தால் நம்பிக்கையோடு பேசலாம்.

நிலமே தன்னைத் தூய்மைப்படுத்திக்கொள்ளும் என்கிறார்களே?

பெருமளவு உண்மை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் பென்சீனையும் அதன் உறவுகளையும் உணவாக்கிக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் மாற்றுகின்றன. ஆனால் ஒரு கிராம் பென்சீனுக்கு மூன்று கிராமுக்கு மேல் ஆக்சிஜன் வேண்டும். ஒரு லிட்டர் நிலத்தடி நீரில் நல்ல நிலையிலும் 8 முதல் 10 மில்லிகிராம் ஆக்சிஜனே கரைந்திருக்கும். அது தீர்ந்ததும் நுண்ணுயிர்கள் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று வரிசையாகப் பயன்படுத்தி, கடைசியில் மீத்தேன் உருவாக்கும் நிலைக்குப் போகின்றன. இறங்க இறங்கச் சிதைவு பொதுவாக மெதுவாகிறது.

இதைத் தண்ணீரிலேயே பார்க்கலாம். மாசுத் திரளின் நடுவிலிருந்து இறைத்த நீர் வாளியில் விழும்போது தெளிவாக இருக்கும். அழுகிய முட்டை வாடை லேசாக வரும். அரை மணி நேரத்தில் அதே வாளி செம்பழுப்பாகக் கலங்கிவிடும். ஆக்சிஜனற்ற நீரில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டுத் துருவாகிப் படிவதுதான் அது. உள்ளே நுண்ணுயிர்கள் உழைத்திருக்கின்றன என்பதற்கான கண்கண்ட சான்று. இதனால்தான் ஆக்சிஜன், நைட்ரேட், இரும்பு, சல்பேட், மீத்தேன் ஆகியவற்றையும் அளக்கிறோம். இந்தச் சான்றுகள் எதையும் அளக்காமல், செலவு செய்ய மனமில்லாததை மட்டும் "இயற்கைச் சீரமைப்பு" என்று அழைப்பதை ஏற்கக் கூடாது. கண்காணிப்போடு சேர்ந்தால்தான் அது ஒரு முறை. கண்காணிப்பு இல்லாவிட்டால் கைவிடுதல்.

தூய்மைப்படுத்தும் இயந்திரம் ஓடும்போது எண்கள் நன்றாக இருந்தன. நிறுத்தியதும் மீண்டும் ஏறிவிட்டன. ஏன்?

மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சுவது, நீருக்குள் காற்றைச் செலுத்துவது, நீரை இறைத்துச் சுத்திகரிப்பது எல்லாமே எளிதில் நீர் ஓடும் மணல் அடுக்குகளை முதலில் கழுவுகின்றன. இடையிலுள்ள களிமண் மடிப்புகளில் ஊறிய மாசு, இயந்திரம் நின்ற பிறகு மெல்ல வெளியே கசிகிறது. அதனால் இயந்திரத்தை நிறுத்தியபின் குறைந்தது ஓராண்டாவது மூன்று மாதத்துக்கொரு முறை பார்க்க வேண்டும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது எடுத்த எண்களை வைத்து இடத்தை முடித்துவைக்கக் கூடாது.

என் கிணற்று நீரில் பென்சீன் இருக்கிறது. கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?

வேண்டாம். கொதிக்க வைத்தால் பென்சீன் நீரிலிருந்து வெளியேறி, நீங்கள் சுவாசிக்கும் சமையலறைக் காற்றில் சேரும். வெந்நீரில் குளிப்பதிலும் இதே சிக்கல். வேறு நீருக்கு மாறுங்கள். முடியாத இடத்தில், வீட்டுக்குள் வரும் நீர் முழுவதையும் வடிக்கும் அளவுக்குப் பெரிய செயல்மிகு கரி வடிகட்டியை வைத்து, அதற்குப் பின்னுள்ள நீரைத் தொடர்ந்து சோதிக்க வேண்டும். கரி நிறைந்துபோனால் வெளியில் எந்த அறிகுறியும் தெரியாது.

அந்த இடத்தின் மேல் வீடு கட்டினால் ஆவி உள்ளே வருமா?

வரலாம். பெட்ரோல் ஆவி மேலே வரும் வழியில் மண்ணில் ஆக்சிஜன் இருந்தால் பெரும்பாலும் சிதைந்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கரைந்த மாசுக்கு மேல் சுமார் 1.8 மீட்டரும், மிதக்கும் எண்ணெய்க்கு மேல் சுமார் 4.6 மீட்டரும் தூய்மையான மண் இருந்தால் பொதுவாகப் போதும் என்கிறது. மண் வெடித்திருந்தாலோ, பள்ளமான அடித்தளம் இருந்தாலோ, குழாய்ப் பள்ளம் நேராக வீட்டுக்கு வந்தாலோ அந்தக் கணக்கு செல்லாது. அப்போது தரைக்கு அடியிலுள்ள மண்காற்றை நேரடியாகச் சோதிக்க வேண்டும்.

நிலம் வாங்கும்முன் கண்காணிப்பு அறிக்கையில் எதைப் பார்ப்பது?

முடிவுரையைக் கடைசியில் படியுங்கள். முதலில் கிணறுகளின் வரைபடத்தை எடுத்து, தொட்டி இருந்த இடத்திலிருந்து நீரோட்டம் போகும் பக்கத்தில் உண்மையிலேயே கிணறு இருக்கிறதா என்று பாருங்கள். நீரோட்டம் வரும் பக்கத்தில் மட்டும் கிணறுகள் உள்ள இடம் என்றும் தூய்மையாகவே தெரியும். பிறகு ஒவ்வொரு கிணற்றின் கீறல் ஆழத்தையும் அந்தந்த நாளின் நீர்மட்டத்தையும் ஒப்பிடுங்கள். எந்தக் கிணற்றில் எப்போது மாதிரி எடுப்பதை நிறுத்தினார்கள், ஏன் என்று கேளுங்கள். "வறண்டிருந்தது", "மூடியைக் காணவில்லை" என்ற குறிப்புகள் அதிக மாசுள்ள கிணற்றின் எதிரிலேயே திரும்பத் திரும்ப வந்தால், மாற்றுக் கிணறு போடும்வரை காத்திருங்கள். எத்திலீன் டைபுரோமைடு பட்டியலில் உள்ளதா என்பதையும், வெற்று மாதிரிகளின் முடிவுகள் இணைக்கப்பட்டுள்ளனவா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

கண்காணிப்பு முடிந்ததும் கிணறுகளை அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. கைவிடப்பட்ட கிணறு, மேலே சிந்துவது எதுவானாலும் அதை நேராக நீர்த்தாங்கிக்குக் கொண்டுபோகும் குழாய். மேல் அடுக்கின் மாசு கீழ் அடுக்குக்கு இறங்கவும் அதுவே வழியாகும். ஒழுங்குமுறை அமைப்பு எழுத்து மூலம் இசைவு தந்த பிறகு, முடிந்தால் கேசிங் குழாயை உருவி எடுத்துவிட்டு, அடியிலிருந்து மேல்நோக்கிச் சிறு குழாய் வழியாகச் சிமென்ட்டும் பென்டோனைட்டும் கலந்த குழம்பைச் செலுத்தி நிரப்புகிறார்கள். மேலிருந்து கொட்டினால் நடுவில் அடைத்துக்கொண்டு கீழே வெற்றிடம் நின்றுவிடும். மறுநாள் வந்து பார்க்கும்போது குழம்பு சற்று அமுங்கியிருக்கும். அதையும் நிரப்பிய பிறகே தரையை மூட வேண்டும்.